முள்ளால் ஏறும் தூதுவளை

மாணவர்களே, தூதுவளை இலையைப் பறித்த அனுபவம் உண்டா? கொடிக்குள் கை எளிதாகப் போய்விடும். வெளியே இழுக்கும்போதுதான் முள் மாட்டும். தூண்டில் முள்ளைப் போல அது பின்னோக்கி வளைந்திருக்கும். பாகற்கொடிக்குப் பற்றுக்கம்பி உண்டு. தூதுவளைக்கு அது இல்லை. முள்ளையே கொக்கியாக்கி வேலியில் ஏறுகிறது. பிடிக்க எதுவும் கிடைக்காவிட்டால் தரையில் படரும்.

கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் இதன் உறவுகள். அறிவியல் பெயர் சோலானம் டிரைலோபேட்டம். 'டிரைலோபேட்டம்' என்றால் மூன்று மடல் கொண்டது என்று பொருள். ஆனால் எண்ணிப் பாருங்கள், ஐந்து மடல் இலைகளும் அதே கொடியில் இருக்கும்!

ஊதா நிறப் பூவின் நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள் நிற்கும். அவற்றின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும். உப்புக் குப்பியை உலுக்கியதுபோல் மகரந்தம் கொட்டும். தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

சளி, இருமல், இரைப்புக்குச் சித்த மருத்துவம் தூதுவளையைப் பயன்படுத்துகிறது. வீடுகளில் முள் நீக்கிய இலையை நெய்யில் வதக்கித் துவையல் அரைப்பார்கள்; மிளகு தட்டிப்போட்டு ரசமும் வைப்பார்கள். இச்செடியில் சோலசோடின் என்னும் ஆல்கலாய்டு இருக்கிறது. ஆல்கலாய்டுகள் அளவு மீறினால் நஞ்சாகலாம். பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கைச் சாப்பிடக் கூடாது என்பதும் இதே குடும்பத்தின் சோலனின் என்ற நஞ்சால்தான்.

சரி, இரைப்பு உண்மையிலேயே குறையுமா? 1999இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில், ஆஸ்துமா நோயாளிகளுக்குத் தூதுவளைப் பொடி 300 மில்லிகிராம் கொடுத்து மூச்சுத் திறனை அளந்தார்கள். திறன் கூடியது. ஆனால் 4 மில்லிகிராம் சால்பியூட்டமால் மருந்து தந்த பலனைவிடக் குறைவாகவே கூடியது. எடையை ஒப்பிட்டுப் பாருங்கள்: 300க்கு 4!

ஆஸ்துமா உள்ள பலர் பையில் வைத்திருக்கும் இன்ஹேலரில் இருப்பதும் இந்தச் சால்பியூட்டமால்தான். உங்களுக்கோ தோழருக்கோ மூச்சு முட்டினால் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். அடங்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாட்டியின் ரசத்தை மூச்சு சீரான பிறகு நிதானமாகக் குடிக்கலாம்.