நிற்க உதவும் உணவு

நுழையும்முன்

படுக்கையிலிருந்து எழுந்து நிற்பது, நாள்தோறும் எண்ணிப் பாராமல் நாம் செய்யும் செயல். அவ்வெளிய செயலே சிலருக்கு இதயப் படபடப்பையும் மயக்கத்தையும் தருகிறது. அத்தகையோரின் மருத்துவத்தில் உணவியல் வல்லுநர் ஆற்றும் பணியினை இப்பாடம் விளக்குகிறது.

உடலின் காவல்

இதயத்துடிப்பு, குருதி அழுத்தம், செரிமானம், வியர்வை முதலியவற்றை நம் விருப்பத்தை எதிர்பாராமல் இயக்குவது தானியங்கு நரம்பு மண்டலம் ஆகும். ஒருவர் எழுந்து நிற்கும்போது, புவியீர்ப்பினால் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையிலான குருதி வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே இந்நரம்பு மண்டலம் குருதிக்குழாய்களைச் சுருக்கி, மூளைக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் காக்கிறது. இக்காவல் தளரும்போது, குறையை ஈடுசெய்ய இதயம் மிக விரைந்து துடிக்கிறது.

நோயின் இயல்பு

எழுந்து நின்ற 10 நிமிடங்களுக்குள், குருதி அழுத்தம் பெரிதும் குறையாமலே, இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 30க்குக் குறையாமல் உயர்ந்து நிலைப்பது இந்நோயின் அடையாளம். 12 முதல் 19 வயதுடையோர்க்கு இவ்வுயர்வு 40 எனக் கொள்ளப்படுகிறது. தலைசுற்றலும் களைப்பும் மாதக்கணக்கில் தொடரும். ‘போட்ஸ்’ எனச் சுருக்கமாக வழங்கப்பெறும் இந்நோயை, 1993ஆம் ஆண்டு ஷாண்டார்ஃப், லோ ஆகிய மருத்துவ அறிஞர்கள் வரையறுத்தனர். இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இதனை வெறும் மனப்பதற்றம் எனக் கருதிவிடுவதால், பலருக்கு உரிய மருத்துவம் கிடைக்கக் காலம் தாழ்கிறது.

உப்பே மருந்தாக

உலக நலவாழ்வு நிறுவனம், நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது. ஆனால், இந்நோயாளர் பலருக்குக் குருதியின் கொள்ளளவு குறைந்திருக்கும். தண்ணீரை மட்டும் மிகுதியாகப் பருகினால், அது விரைவில் சிறுநீராக வெளியேறிவிடும். உப்பிலுள்ள சோடியமே நீரை உடலில் நிறுத்துகிறது. எனவே, 2 முதல் 3 லிட்டர் நீரும், 10 கிராம் அளவிலான உப்பும் மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுகின்றன. உயர் குருதி அழுத்தமோ சிறுநீரக நோயோ உடையவருக்கு இதே அளவு தீங்காகிவிடும். ஒருவருக்குச் சொன்ன அளவை மற்றொருவர் பின்பற்றலாகாது.

உணவியல் வல்லுநரின் பணி

இங்குதான் உணவியல் வல்லுநர் தேவைப்படுகிறார். மருத்துவரின் அறிவுரைக்கேற்ப, நோயாளர் உண்பனவற்றைக் கேட்டறிந்து, உப்பையும் நீரையும் அன்றாட உணவில் பகிர்ந்தளிக்கிறார். மாவுச்சத்து மிகுந்த பெருஞ்சோற்றை ஒரே வேளையில் உண்டால், குருதி குடலை நோக்கிப் பாய்ந்து மயக்கம் பெருகும். ஆதலால், சிறுசிறு அளவாகப் பலமுறை உண்ணுமாறு அறிவுறுத்துகிறார். குமட்டலுக்கு அஞ்சி உணவுகளை ஒவ்வொன்றாக விலக்குவோர்க்கு ஊட்டச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்.

உணவு மட்டுமே இந்நோயைப் போக்கிவிடாது. மருந்தும், அமர்ந்தும் படுத்தும் தொடங்கும் உடற்பயிற்சியும் உடன் வேண்டும். எனினும், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்க இயலாது தவிக்கும் மாணவி ஒருத்திக்கு, அளவறிந்து வகுக்கப்பட்ட உணவு, வகுப்பறைக்குத் திரும்பும் வலிமையைத் தரக்கூடும்.