துடிப்போட்டமும் இன்சுலினும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சர்க்கரை நோயாளியான என் தந்தையிடம், திருச்சியில் யாரோ, இன்சுலினைத் துடிப்புத் துடிப்பாகச் சிரையில் ஏற்றினால் நோயே போய்விடும் என்றாராம். அம்மாவின் வளையலை அடகு வைக்கவும் அப்பா துணிந்துவிட்டார். "நீதான் படிக்கிறியே, நீயே சொல்லு" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு அடிபம்பில் தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டும். காவிரியோ, தண்ணீர் வந்துவிட்டால் ஒரே சீராக ஓடும். முன்னதே துடிப்போட்டம். இதயமும் அவ்வாறே நிமிடத்திற்குச் சுமார் 72 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதியைத் தள்ளுகிறது. பெருந்தமனி மீள்தன்மையுடன் விரிந்து சுருங்குவதால், தந்துகிகளை அடையும்போது ஓட்டம் பெரும்பாலும் சீராகிவிடுகிறது.

கணையமும் ஏறத்தாழ 5 நிமிடத்திற்கு ஒருமுறை இன்சுலினை அலையலையாகச் சுரந்து, முதலில் கல்லீரலுக்கு அனுப்புகிறது. தோலடியில் போடும் ஊசியில் இத்துடிப்பு இல்லை. அதனை ஈடுசெய்யவே சிரைவழி முறை தோன்றியது. ஆனால் 2009-இல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம், சான்று போதாது என்று அதற்குப் பணம் தர மறுத்தது.

இயற்கையை ஒத்திருப்பது மட்டும் போதாது, நண்பர்களே. பயன் மெய்ப்பிக்கப்பட வேண்டும். இதை அப்பாவிடம் விளக்கினேன். வளையல் அடகுக்குப் போகவில்லை; மருத்துவர் சொன்ன ஊசி தொடர்கிறது.