மணி ஒன்று, வேலை பல

மாணவர்களே, தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் ‘பெரட்டு’ என்றால் என்னவென்று கேளுங்கள். விடியுமுன் ஆள்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் முறை அது. ஆனால், பால் எடுக்கும் நேரம் வந்ததும் பல தோட்டங்களில் மணி அடிப்பார்கள். மரம் வெட்டியவர்கள் மங்குகளில் சேர்ந்த பாலை எடுக்கத் தொடங்குவார்கள். பால் ஸ்டோரில் கிராணி தராசைத் தயாராக்குவார். மணி அடித்தவர் யாரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிறுவனங்களின் கணினிகளிலும் இந்த இரண்டு முறைகள் உண்டு.

பெரட்டு முறை

ஈப்போவில் ஒருவர் செயலி வழி உணவுக்குப் பணம் கட்டுகிறார் என்போம். ஒரு நிரல் முதலில் உணவகத்தை அழைக்கிறது. பதில் வந்தபின் ஓட்டுநரைத் தேடுகிறது. அதன்பின் ரசீது, பிறகு பரிசுப் புள்ளி. நடுவில் ஒரு பிரிவு பதில் தராவிட்டால், அடுத்த வேலைகளும் நின்றுவிடும்.

மணி முறை

இங்கே ‘பணம் கட்டப்பட்டது’ என்ற செய்தி மட்டும் வெளியாகும். இதுவே ‘நிகழ்வு’. நான்கு பிரிவுகளும் அதைக் கேட்டு, அவரவர் வேலையைச் செய்யும். நாளை புதிய பிரிவைச் சேர்த்தாலும் பழைய நிரலை மாற்ற வேண்டாம்.

மணியோசை காற்றில் கரைந்துவிடும். கணினி நிகழ்வை எழுதி வைக்கலாம். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி, 2011-இல் எல்லாரும் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட ‘காஃப்கா’ மென்பொருள் ஒரு பதிவேடு போன்றது. ஒவ்வொரு பிரிவும் எதுவரை படித்தது என்ற குறிப்பும் அதில் இருக்கும். ரசீதுப் பிரிவு பத்து நிமிடம் பழுதானாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2012-இல் மலேசியாவில் ‘மைடெக்சி’ என்ற பெயரில் தொடங்கிய கிரேப் நிறுவனமும் காஃப்காவைப் பயன்படுத்துகிறது.

கவனம் தேவை

ஒரு பிரிவு வேலையை முடித்து, குறிப்பை எழுதுமுன் பழுதானால் என்ன ஆகும்? மீண்டதும் அதே நிகழ்வை மறுபடி படிக்கும். 20 ரிங்கிட்டைத் திருப்பித் தரும் வேலை என்றால், பணம் இருமுறை போய்விடும்! அதனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி எண் உண்டு. ‘இந்த எண்ணை ஏற்கெனவே முடித்தோமா?’ என்று பார்த்த பிறகே வேலை நடக்க வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்

பள்ளி நூலகத்தில் ‘புத்தகம் திரும்பி வந்தது’ என்பது ஒரு நிகழ்வு. அதை யார் யார் கேட்க வேண்டும்? அதே செய்தி இருமுறை வந்தால் எந்தக் கணக்கு தவறும்? பட்டியலிட்டு, வகுப்பில் பேசுங்கள்.