பின்னிருந்து தள்ளியவர்

கர்ஜத்திலிருந்து லோனாவ்லாவுக்கு ரயிலில் சென்ற அன்பர்கள் கவனித்திருக்கலாம். கர்ஜத்தில் வண்டியின் வால்பகுதியில் கூடுதல் எஞ்சின்களைக் கோத்துவிடுவார்கள். ரயில்வேயில் இதற்கு 'பேங்கர்' என்று பெயர். 37 அடி ஓடினால் ஓர் அடி உயரும் அந்த ஏற்றத்தில், முன் எஞ்சின் இழுக்க, பேங்கர் பின்னிருந்து தள்ளும். மேலே சேர்ந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள். பயணிகள் பலரும் அதைப் பார்ப்பதுகூட இல்லை. டிப்ளமா படித்து, பணிக்காலம் முழுதும் இன்னொருவருக்கு உதவியாளனாகவே இருந்து ஓய்வுபெற்ற எனக்கு பேங்கர்மேல் தனி மதிப்பு உண்டு.

கால்பந்தில் அப்படி ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் பீட்டர் டெய்லர். 1928-இல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். கோல்கீப்பர், ஆனால் நட்சத்திரம் அல்ல. கவென்ட்ரியில் ஒன்பது ஆண்டுகளில் 86 லீக் ஆட்டங்கள்தான் ஆடினார். மூத்த கோல்கீப்பருக்கு மாற்றாளாகக் காத்திருந்த காலமே அதிகம். அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் ஆட்டத்தை எடைபோடப் பழகிக்கொண்டார்.

1955-இல் மிடில்ஸ்பரோவுக்கு மாறினார். அங்கே பின்வரிசையில் கிடந்த ஓர் இளைஞனைப் பார்த்து, இவன் பெரிய ஆட்டக்காரன் என்று முதலில் சொன்னவர் இவரே. அந்த இளைஞன் பிரையன் கிளஃப். பிறகு அக்கிளப்புக்காக 222 ஆட்டங்களில் 204 கோல்கள் அடித்தார்! 1962-இல் முழங்காலில் பட்ட காயம் கிளஃபின் ஆட்டத்தை முடித்துவைத்தது.

1965-இல் ஹார்ட்டில்பூல்ஸ் என்ற ஏழைக் கிளப்புக்கு மேலாளரான கிளஃப், டெய்லரைத் துணைக்கு அழைத்தார். பர்ட்டன் ஆல்பியன் கிளப்பின் மேலாளர் பதவியை விட்டு டெய்லர் வந்தார். உதவி மேலாளர் என்ற பதவிக்கு அங்கே பணமில்லை. 'பயிற்சியாளர்' என்ற பெயரில் வாளியும் பஞ்சும் தூக்கினார்.

பிறகு நடந்தது வரலாறு. இரண்டாம் டிவிஷனிலிருந்த டெர்பி கவுன்டி 1972-இல் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1978-இல் சாம்பியன். 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை!

டெய்லரின் தொழில், ஆளை அறிவது. டிரான்மியர் ரோவர்ஸ் என்ற சிறு கிளப்பிலிருந்த 19 வயது மெக்ஃபார்லண்டை டெர்பிக்குக் கொண்டுவந்தார். அவர் இங்கிலாந்துக்கே ஆடினார். முரடர் என்று பெயரெடுத்த முன்கள வீரர் கென்னி பர்ன்ஸை வாங்கித் தடுப்பாளராக்கினார்கள். 1978-இல் அவரே ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். உடல் பருத்து ஒதுக்கப்பட்டிருந்த ஜான் ராபர்ட்சனைக் கண்டித்துத் திருத்தினார். 1979 இறுதியாட்டத்தில் கோலுக்குப் பந்து தந்தவரும், 1980-இல் கோல் அடித்தவரும் அந்த ராபர்ட்சன்தான்.

தாம் கடையின் முகப்பு, உள்ளே இருக்கும் சரக்கு டெய்லர் என்று கிளஃபே ஒப்புக்கொண்டார். பிரிந்தபோது இருவருக்குமே நஷ்டம். 1974-இல் டெய்லர் இல்லாமல் லீட்ஸுக்குப் போன கிளஃப் 44 நாட்களில் வெளியேற்றப்பட்டார். பிரைட்டனில் தனித்து நின்ற டெய்லராலும் அந்த அணியை மேல் டிவிஷனுக்கு உயர்த்த முடியவில்லை.

1982-இல் டெய்லர் ஃபாரஸ்டைவிட்டு விலகி, அதே ஆண்டு டெர்பி மேலாளரானார். அடுத்த ஆண்டு ராபர்ட்சனைத் தம் கிளப்புக்கு எடுத்துக்கொண்டார். கிளஃபுக்குக் கோபம். பேச்சு நின்றது. 1990 அக்டோபரில் டெய்லர் காலமானார். சமாதானம் ஆகவே இல்லை. இறுதிச் சடங்குக்குச் சென்ற கிளஃப், 1994-இல் தம் சுயசரிதையை நண்பருக்குக் காணிக்கையாக்கினார். டெர்பியில் 2010-இல் இருவருக்கும் சேர்த்தே சிலை வைத்தார்கள்.

இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். இரண்டாம் இடம் தாழ்ந்த இடமல்ல. அதற்கென்று ஒரு திறமை வேண்டும், அதை வளர்த்துக்கொள்ளுங்கள். முதலிடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: துணை நின்றவருக்குரிய நன்றியை அவர் காது கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். காணிக்கைப் பக்கமும் சிலையும் அவரை எட்டுவதில்லை.