மழைநாளுக்கு வீடு பிடியுங்கள்

டார்ட்மூருக்கு இதுவரை நான்கு முறை போய்விட்டோம். ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம், வாடகைக் காட்டேஜ், சமையல் நம் கையில். முதல் முறை ஜன்னலைப் பார்த்து வீடு பிடித்தேன். படத்தில் ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவும் மேயும் குதிரைகளும் இருந்தன. போய் இறங்கிய பிறகு ஐந்து நாள் அதில் தெரிந்தது வெறும் வெள்ளை. மூடுபனி இறங்கினால் எதிர்க் கல்சுவர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஐந்து பேருக்கு மூன்று நாற்காலி. நனைந்த துணியைக் காயப்போட ஒரு கொடி இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இரண்டாம் நாளே கேட்டுவிட்டார்: "ஏண்டா, இதுக்கா இவ்ளோ காசு குடுத்த?"

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில் 954 சதுர கிலோமீட்டர் பரந்த மேட்டுநிலம் டார்ட்மூர். 1951இல் தேசியப் பூங்கா ஆனது. பெயரைக் கேட்டு முதுமலை மாதிரிக் காடு என்று நினைக்க வேண்டாம். நடுப்பகுதியில் மரமே அரிது. புல், புதர், உச்சிகளில் யாரோ அடுக்கி வைத்ததுபோல் கருங்கல் பாறைகள். அவற்றை 'டார்' என்கிறார்கள். நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. உள்ளேயே ஊர்கள், பண்ணைகள், ஒரு சிறைச்சாலைகூட உண்டு. அட்லாண்டிக் காற்று வந்து மோதும் மேடு என்பதால், சிறை இருக்கும் பிரின்ஸ்டவுனில் ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைவிட அதிகம். ஆனால் சென்னை மழைபோலக் கொட்டிவிட்டு ஓயாது. நாள் முழுக்கச் சிணுங்கும்.

ஆகவே மழைநாளில் இருப்பதற்கு ஏற்ற வீடாகப் பாருங்கள். வாசலை ஒட்டிச் சேற்றுக் காலணியைக் கழற்றக் கல்தரை இருக்கிறதா? விறகு அடுப்பு இருக்கிறதா, விறகு யார் தருவது? எங்களுக்கு ஒரு கூடை இலவசமாக வைத்திருந்தார்கள். இரண்டு இரவில் தீர்ந்துவிட்டது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட மேஜை உண்டா? சீட்டாடவும் பல்லாங்குழிக்கும் அதே மேஜைதான்.

சமையலறை பற்றி உரிமையாளரிடம் துருவித் துருவிக் கேளுங்கள், தவறில்லை. நாங்கள் கொண்டுபோன அலுமினிய குக்கர் அங்கிருந்த இண்டக்ஷன் அடுப்பில் சூடே ஏறவில்லை. அன்று சோறு வடித்துச் சாப்பிட்டோம். இப்போது ஸ்டீல் குக்கர், அஞ்சறைப்பெட்டி, தாளிப்புக் கரண்டி, ஒரு நல்ல கத்தி இல்லாமல் கிளம்புவதில்லை. காட்டேஜ் கத்திகள் வெண்ணெய் வெட்டத்தான் லாயக்கு. அம்மா மோர்மிளகாய் வறுத்த அன்று புகை அலாரம் அலறியதில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஓடி வந்தார். வந்தவருக்குத் தயிர்சாதம் கொடுத்தோம். மிளகாயை மட்டும் மரியாதையாகத் தட்டில் ஒதுக்கிவிட்டார். கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்த பிறகே தாளியுங்கள். பல வீடுகளில் கழிவுநீர் செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், டப்பாவில் பிடித்துக் குப்பையில் போடுங்கள்.

அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் வீட்டிலிருந்தே போகட்டும். ஊர்க்கடையில் எல்லாம் கிடைக்காது. பெரிய கடைக்கு டாவிஸ்டாக், ஓக்ஹாம்டன் போன்ற ஓரத்து ஊர்களுக்குத்தான் ஓட வேண்டும். முட்டை மட்டும் வாங்கிப் போகாதீர்கள். பண்ணை வாசலில் ஒரு பெட்டியில் முட்டையும் பக்கத்தில் உண்டியலும் இருக்கும். ஆள் இருக்காது, காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலான வீடுகளில் சாவி கிடைக்க மாலை 4 மணி ஆகும். அதற்காக இரவில் போய்ச் சேரும்படி கிளம்பாதீர்கள். மேட்டின் சாலைகளுக்கு வேலியில்லை. ஆடுகளும் குதிரைக்குட்டிகளும் தாரின் சூட்டுக்காக நடுரோட்டில் படுத்திருக்கும். அங்கே வேக வரம்பு 40 மைல், இரவில் அதுவே அதிகம். கீழே இறங்கினால் ஆளுயர மண்கரைகளுக்கு நடுவே ஒற்றைக் கார் போகும் சந்து. எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் எடுக்க வேண்டியவர் நீங்கள்தான். குதிரைகளுக்குத் தீனி கொடுப்பதும் அங்கே சட்டப்படி குற்றம். தீனிக்குப் பழகினால் சாலைக்கு வந்து அடிபடும்.

கைபேசியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 28 வரைபடத்தைக் காகிதத்தில் வாங்குங்கள். வடக்குப் பகுதியில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும். சிவப்புக் கொடி பறந்தால் உள்ளே போகக் கூடாது. பளிச்சென்ற பச்சையில் பாசி தெரிந்தால் அது புல்தரையல்ல, உளை. என் மகன் முழங்கால்வரை இறங்கி ஒரு காலணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். பெரணிப் புதரில் நடந்துவிட்டு வந்தால் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முழங்கால் வலிக்கும் அம்மாவுக்கு ஏற்ற இடமும் கிடைத்தது. போஸ்ட்பிரிட்ஜ் என்ற ஊரில் கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்சதூரம் நடந்தால், கருங்கல் பலகைகளைத் தூணின்மேல் கிடத்திக் கட்டிய இடைக்காலப் பாலம். கீழே ஓடும் தண்ணீர் புல்கரி மண்ணால் தேநீர் நிறம். "நம்மூர்க் கோயில் கல்லு மாதிரியே இருக்கு" என்று தடவிப் பார்த்தார்.

பள்ளி விடுமுறை வாரங்களுக்கு வாடகை எகிறும், நல்ல வீடுகளும் சீக்கிரம் போய்விடும். முடிந்தால் ஜனவரியிலேயே பதிவு செய்யுங்கள். அடுத்த மே மாதத்துக்கும் நாங்கள் போன முறை தங்கிய வீட்டையே பிடித்திருக்கிறோம். அதன் ஜன்னலைத் திறந்தால் மாட்டுக்கொட்டகைச் சுவர்தான் தெரியும்.