கதாபாத்திரத்துக்குத் தீம் போடுகிறவரா? உங்கள் வேலை விண்ணப்பம் அதுதான்

பிடித்த நாவலில் ஒருத்தி வருகிறாள், அல்லது பிடித்த வீடியோ கேமில் ஒரு வில்லன் வருகிறான். ‘இந்த ஆளுக்கு ஒரு பிஜிஎம் போட்டால் எப்படி இருக்கும்?’ என்று இரவில் கீபோர்டில் உட்காருகிறீர்கள். விடிவதற்குள் ஒரு நிமிட டியூன் தயார். வீட்டில் கேட்பார்கள்: “இதனால் காசு வருமா?”

வரலாம், வந்தும் இருக்கிறது. சோனிக் கேம்களின் இசையைத் தன் பாணியில் மாற்றி யூடியூபில் ஏற்றிக்கொண்டிருந்தவர் டீ லோப்ஸ். 2017இல் சேகா வெளியிட்ட ‘சோனிக் மேனியா’வுக்கு அவரையே இசையமைக்க வைத்தார்கள். ‘ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ்’ 1999இல் தொடங்கிய கேம் இசை ரசிகர் கூட்டம். கேப்காம் நிறுவனம் 2008இல் தன் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ கேம் ஒன்றைப் புதுப்பித்தபோது, அதன் இசையை இந்தக் கூட்டத்திடமே ஒப்படைத்தது.

டோபி ஃபாக்ஸின் பயணம் இன்னும் சுவையானது. 2008இல் ‘எர்த்பவுண்ட்’ என்ற ஜப்பானிய கேமை ரசிகராக மாற்றியமைத்தபோது ‘மெகலோவேனியா’ என்றொரு மெட்டைப் போட்டார். பிறகு ‘ஹோம்ஸ்டக்’ என்ற இணையச் சித்திரக்கதையின் இசைக்குழுவில் சேர்ந்து அதன் பாத்திரங்களுக்கு இசையமைத்தார். 2015இல் ‘அண்டர்டேல்’ என்று சொந்தமாக ஒரு கேம் வெளியிட்டார். பழைய மெட்டு அதில் சான்ஸ் என்ற எலும்புக்கூட்டின் சண்டைக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. 2019இல் போகிமான் கேம் ஒன்றுக்கும் அவர் ஒரு மெட்டு கொடுத்தார்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. ஆனால் ஒன்று நிச்சயம். கேம், குறும்படம், பாட்காஸ்ட் என எதற்கு இசையமைத்தாலும், ‘இதுதான் ஆள், இதுதான் குணம், இசை வேண்டும்’ என்றுதான் வேலை வரும். நீங்கள் ரசிகராகச் செய்வதும் அதே வேலைதான், வாடிக்கையாளர் மட்டும் இல்லை. ஆகவே வாடிக்கையாளர் இருப்பதாகவே நினைத்துச் செய்யுங்கள்.

கவரை விட்டு தீமுக்கு வாருங்கள்

ஏற்கெனவே உள்ள டியூனை வேறு வாத்தியத்தில் வாசிப்பது கவர். அது உங்கள் விரல் வேகத்தையும் மிக்ஸிங் திறமையையும் காட்டும். தீம் இல்லாத ஒரு பாத்திரத்துக்குப் புதிதாக மெட்டுப் போட்டால், உங்களுக்கு இசையமைக்கத் தெரியும் என்பது தெரியும். வாய்ப்புத் தேடுகிறவருக்குத் தேவை இரண்டாவதுதான். பார்வையாளர் எண்ணிக்கை கவருக்குத்தான் அதிகம் வரும், மறுக்கவில்லை. மூன்று தீமுக்கு ஒரு கவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டைத் தொடும் முன் ஆளைப் படியுங்கள்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் பூங்குழலியை எடுத்துக்கொள்வோம். கோடிக்கரையில் படகு ஓட்டுகிறவள். சதுப்பு நிலத்தில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, ‘என் காதலர்கள்’ என்று வந்தியத்தேவனிடம் சொல்லக்கூடியவள். உள்ளுக்குள் எட்டாத இளவரசன் அருள்மொழி மேல் ஆசை. இதை முதலில் ஒரே வரியில் எழுதுங்கள்: வெளியே துணிச்சல், உள்ளே ஏக்கம்.

இந்த ஒரு வரியிலிருந்து எல்லா முடிவும் பிறக்கும். துடுப்புப் போடும் அசைவுக்குத் திஸ்ர நடை. துணிச்சலுக்கு, மத்திமத்தில் தங்காமல் பஞ்சமத்துக்கு நேராகத் தாவும் தொடக்கம். ஏக்கத்துக்கு, ஷட்ஜத்தில் இறங்கி உட்காராமல் நிஷாதத்திலேயே தொங்கும் முடிவு. வாத்தியம் ஒற்றைப் புல்லாங்குழல், அடியில் டேப் தாளம். வீணையை இளவரசி குந்தவைக்கு ஒதுக்கிவிடுங்கள். கடற்கரைப் பெண்ணுக்கு அரண்மனை வாசம் வேண்டாம்.

யூடியூபில் ஏற்றும் வீடியோவின் கீழே இந்தக் காரணங்களை நாலு வரியில் எழுதி வையுங்கள். கேட்கிற இயக்குநருக்கு, உங்களோடு உட்கார்ந்து கதை பேச முடியும் என்ற நம்பிக்கை வரும்.

மெட்டு சின்னதாக இருக்கட்டும்

மெகலோவேனியாவின் தொடக்கத்தைக் கவனியுங்கள். கீழே ஒரே சுரத்தில் இரண்டு தட்டு, ஒரு ஸ்தாயி மேலே ஒரு தாவல், அங்கிருந்து இறக்கம். அடுத்தடுத்த சுற்றுகளில் முதல் இரண்டு தட்டு மட்டும் கீழே நகர்கிறது, மேலே உள்ள சுரங்கள் அப்படியே நிற்கின்றன. பாதி மாறுகிறது, பாதி மாறவில்லை. அந்த இழுபறிதான் பதற்றத்தைத் தருகிறது. இதற்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா எதுவும் தேவைப்படவில்லை.

சின்ன மெட்டுக்கு இன்னொரு லாபம் உண்டு, அதை வேறொன்றுக்குள் ஒளித்து வைக்கலாம். ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடருக்கான ‘இம்பீரியல் மார்ச்’ 1980இல் வந்தது. 1999இல் வந்த படத்தில் வேடர் இன்னும் சிறுவன், பெயர் அனகின். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் அவனுக்கு இனிமையான தனித் தீம் ஒன்றைப் போட்டு, அதன் முடிவில் இம்பீரியல் மார்ச்சின் சாயலை மெல்ல வைத்தார். பையன் என்னவாகப் போகிறான் என்று இசை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பூங்குழலியின் கடைசி வரியில் அருள்மொழியின் மூன்று சுரங்களை நீங்களும் இப்படி வைக்கலாம். ஒரே கதையில் நாலு பாத்திரங்களுக்குத் தீம் போட்டு ஒன்றோடொன்று கோத்துக் காட்டினால், நாற்பது உதிரி டியூனைவிட அது எடை கூடிய மாதிரி.

சாஃப்ட்வேருக்காகக் கடன் வாங்காதீர்கள்

இசை தயாரிக்க எல்எம்எம்எஸ் முழுக்க இலவசம். நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர் இலவசம். ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் சேமித்த ப்ராஜெக்டை மறுபடி திறக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டால் அடுத்தடுத்த பதிப்புகள் இலவசம். வாத்திய ஒலிகளுக்கு ஸ்பிட்ஃபயரின் ‘லேப்ஸ்’ போதும். செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் முதலில் நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள்.

முடித்துக் கொடுக்கப் பழகுங்கள்

தொழில்காரரை இங்கேதான் அடையாளம் காண்பார்கள். கேமில் இசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தொடக்கமும் முடிவும் தையல் தெரியாமல் சேர வேண்டும். எளிய வழி: மெட்டை இரண்டு முறை அடுத்தடுத்து ஓடவிட்டுப் பதிவு செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் எதிரொலி இரண்டாவதன் தொடக்கத்தில் ஏறியிருக்கும், லூப் ஆகும்போது உதறல் இருக்காது. எம்பி3 வேண்டாம். அது முனைகளில் சிறிய மௌனத்தைச் சேர்த்துவிடும். வேவ் அல்லது ஆக் வடிவில் கொடுங்கள்.

தாளம், மெட்டு, அடிநாதம் எனத் தனித்தனி ஸ்டெம்களையும் எடுத்து வையுங்கள். அமைதியான காட்சிக்குப் புல்லாங்குழல் மட்டும், சண்டை வந்தால் டேப் சேரும், வேகமும் ஸ்ருதியும் மாறாது. கேமுக்குள் இப்படி அடுக்கடுக்காக இசையை ஓட்டத்தான் எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. கற்றுக்கொள்ள இரண்டையும் இலவசமாக இறக்கலாம். ‘எஃப்மாட் தெரியும்’ என்று சொல்லி ஒரு தீமை அதில் ஓட்டிக் காட்டினால் உங்களுக்கு மதிப்பு கூடும்.

உரிமை விஷயத்தில் கவனம்

புதிதாக நீங்கள் போட்ட மெட்டு உங்களுடையது. பாத்திரத்தின் பெயர், படம், வசனம், மூலப் படைப்பின் இசை ஆகியவை உங்களுடையவை அல்ல. விற்கப் போகும்போது வம்பு வரும் வாய்ப்பு அதிகம். ஜப்பானின் ‘தோஹோ’ கேம்களை உருவாக்கிய சூன், ரசிகர்கள் தன் இசையை மாற்றியமைக்க இடம் கொடுத்திருக்கிறார். அந்த ஆல்பங்கள் தோக்கியோவின் காமிகெட் சந்தையில் விலைக்கே கிடைக்கின்றன. எல்லா நிறுவனமும் அப்படி இல்லை. ரசிகர் படைப்புக்கான விதிகளை வெளியிட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

வம்பே வேண்டாம் என்றால் பழைய இலக்கியத்துக்குப் போங்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுவரை காப்புரிமை. கல்கி மறைந்தது 1954இல். பூங்குழலி, வந்தியத்தேவன், நந்தினி மூவருக்கும் தீம் போட்டு விற்கவும் தடையில்லை. ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் போஸ்டரையும் அதன் பாடல் மெட்டையும் மட்டும் தொடாதீர்கள்.

வேலை எங்கே கிடைக்கும்?

முதல் கதவு கேம் ஜாம். லுடம் டேர் 2002லிருந்தும், குளோபல் கேம் ஜாம் 2009லிருந்தும் நடக்கின்றன. முன்பின் தெரியாத நாலு பேர் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் ஒரு கேமை முடிப்பார்கள். படம் வரைகிறவரும் நிரல் எழுதுகிறவரும் இருப்பார்கள், இசைக்கும் ஆள் வேண்டும். அங்கே நட்பானவரே நாளைக்குக் காசு கொடுத்துக் கூப்பிடுவார்.

இரண்டாவது, தன் சொந்தப் பாத்திரத்துக்கு இசை கேட்கும் தனி ஆட்கள்: காமிக்ஸ் வரைகிறவர்கள், ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாடுகிறவர்கள், அனிமேஷன் முகத்தோடு நேரலை நடத்தும் விட்யூபர்கள், பாட்காஸ்ட் கதைசொல்லிகள். புகழ்பெற்ற பாத்திரத்துக்கு நீங்கள் போட்ட தீமைக் கேட்டு, ‘என் பாத்திரத்துக்கும் ஒன்று வேண்டும்’ என்று வருகிறவர்கள் இவர்கள்தான். மூன்றாவது, உங்கள் ஊர்க் கல்லூரியின் காட்சித் தொடர்பியல் மாணவர்கள். அவர்கள் எடுக்கும் குறும்படங்களுக்கு இசை தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும்.

மின்னஞ்சல் அனுப்பும்போது மூன்று தீம் மட்டும் இணையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். சிறந்தது முதலில். மெட்டு பத்து நொடிக்குள் வந்துவிட வேண்டும்.

காசு பேசும்போது

முடிந்த இசையின் நிமிடக் கணக்கில் விலை சொல்வது கேம் துறையில் வழக்கம். பாதி முன்பணம், இரண்டு திருத்தம், அதற்கு மேல் தனிக் கட்டணம், டைட்டிலில் பெயர். நண்பரே ஆனாலும் நாலையும் எழுத்தில் வாங்குங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தில் இல்லாமல் காப்புரிமை கைமாறாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘எல்லா உரிமையும் நிரந்தரமாக’ என்ற வரி கண்ணில் பட்டால் அதற்குத் தனி விலை பேசுங்கள். முதல் படத்துக்கு ஓசியில் செய்தாலும், ‘இந்த மெட்டை என் மாதிரித் தொகுப்பில் வைத்துக்கொள்வேன்’ என்ற அனுமதியையாவது வாங்கிவிடுங்கள்.

மாதம் ஒரு பாத்திரம், ஒரு நிமிட தீம், லூப், ஸ்டெம், நாலு வரிக் குறிப்பு. இப்படி ஆறு சேர்வதற்குள் வேலை கேட்டு யாருக்கும் எழுதாதீர்கள். ஆறு சேர்ந்த பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.