மலை ஓடைக் கெண்டையைக் காப்போம்

குளத்தில் விட்ட கட்லா, ரோகு செத்துப் போனால் மீன் பண்ணையில் மறுபடி குஞ்சு வாங்கி விடலாம். ஆனால் நம் மலை ஓடையில் வாழும் ஒரு சிறு கெண்டை அழிந்தால், அதன் குஞ்சை வாங்க எந்தப் பண்ணையும் இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்து ஓடையில் பிடித்த இந்தக் கெண்டையை ரமாதேவி, இந்திரா, நைட் ஆகிய மூவரும் 2010-ம் ஆண்டில் புதிய இனம் என்று விவரித்தனர். இலங்கை மீன் ஆய்வாளர் ரோகன் பெத்தியகொடவைச் சிறப்பிக்கும் வகையில் 'ரோகனி' என்று பெயரிட்டனர். ஒரு சாண் நீளம்கூட வளராத மீன் இது. வெள்ளி நிற உடலில், வாலடிப் பக்கம் கருந்திட்டு இருக்கும்.

ஒரே பகுதியில் மட்டும் ஏன்?

மலை ஓடை மீன் மேட்டைத் தாண்டி அடுத்த ஆற்றுக்குப் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு ஆற்றிலும் மீன் தனித்தனியே மாறி வளர்கிறது. மலைக்கு அப்பால், நெல்லைத் தாமிரபரணிக்கே உரிய கெண்டையை சைலாஸ் 1954-ல் விவரித்தார். அதுவும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

ஆபத்து எப்படி வருகிறது?

கோடையில் ஓடை வற்றி, மீன்கள் கசங்களில் ஒதுங்கும். அப்போது பிளீச்சிங் பவுடர் போட்டாலோ தோட்டா வெடித்தாலோ குஞ்சும் தாய் மீனும் சேர்ந்தே அழியும். நஞ்சு கலப்பதையும் வெடி வைப்பதையும் 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது.

ஓடைக்கரை விவசாயிகள் செய்ய வேண்டியவை:

1. பூச்சிமருந்துத் தெளிப்பானையும் காலி டப்பாவையும் ஓடையில் கழுவக் கூடாது. பைரித்ராய்டு வகை மருந்து மிகச் சிறிதளவு கலந்தாலும் மீன் சாகும்.

2. ரப்பர் பாலை அமிலம் விட்டு உறைய வைத்தபின் மிஞ்சும் நீரை ஓடையில் விடாமல் குழியில் விட வேண்டும். அது அழுகும்போது ஓடை நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து விடும்.

3. கரையோரப் புல்லையும் மரத்தையும் வெட்டாமல் விட வேண்டும். மண் அரிப்பு குறையும்; உங்கள் நிலமும் நிற்கும்.

4. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது. அரசு தடை செய்த மீன் அது. மழைவெள்ளத்தில் தப்பினால் சிறு மீன்களைத் தின்று தீர்க்கும்.

இந்த நான்கிற்கும் பெரிய செலவில்லை. மீன் வாழும் ஓடை நீர்தான் உங்கள் வாழைக்கும் மாட்டுக்கும் பயன்படுகிறது. மீன் செத்து மிதக்கும் நீர் அவற்றுக்கும் நல்லதல்ல.